மோலி அழித்த கோடு

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மோலி இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறாள். ஆர்க்கிடெக்ட் வைத்யநாதன் பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பதை கம்ப்யூட்டரில் அளவு பிசகாமல் வரைந்து தருவது அவள் வேலை. சமையலறை எத்தனை அடி, படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, தண்ணீர்த் தொட்டிக்கு எங்கே இடம் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். மைசூரில் அவள் வரைந்த வீடுகள் முந்நூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் அவள் உள்ளே போய்ப் பார்த்தவை ஏழோ எட்டோதான். இடத்தைப் போய்ப் பார்ப்பது வைத்யநாதனின் வேலை.

அவளுடைய அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை கிடைத்து அரக்கோணத்திலிருந்து வந்தவர். மோலி பிறந்ததும் படித்ததும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கியதும் மைசூரிலேயே. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், சர்ச்சில் இரண்டும். கணவன் பெர்னார்ட் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் ஸ்வீட்டி மங்களூரில் பிசியோதெரபி படிக்கிறாள். அதிகம் பேசாத, யாரோடும் சண்டைக்குப் போகாத பெண் என்றுதான் மோலியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவளும் தன்னைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டி அறுபத்து நான்கு சைட்கள், அதாவது வீட்டு மனைகள், கொண்ட ஒரு லேஅவுட். சர்வே செய்தவர் அனுப்பிய ஷீட்டை மோலி திறந்தபோது, நிலத்தின் வடக்கு மூலையில் குறுக்காக ஒரு புள்ளிக்கோடு போவதைக் கண்டாள்.

"சார், இந்தக் கோடு என்ன?"

வைத்யநாதன் எட்டிப் பார்த்தார். "சர்வேக்காரன் எதையோ போட்டிருக்கான். அங்கே ஒண்ணும் இல்லைங்கறார் பிரமோட்டர். எடுத்துடும்மா."

மோலி கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடத்தில் காம்பவுண்டு சுவரை விடாமல் இழுத்தாள். வாசலில் இரண்டு யானைச் சிலைகள் வேண்டும் என்று பிரமோட்டர் கேட்டிருந்ததால் அவற்றையும் வரைந்தாள். யானைகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அதற்கு அடுத்த வருடம், அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் மாதம்மா தாமதமாக வர ஆரம்பித்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஹெப்பாளில் குடியிருப்பவள் அவள். தினமும் எட்டு மணிக்கெல்லாம் படிக்கட்டைக் கழுவி முடித்திருப்பாள். இப்போது எட்டே முக்காலுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. கீழே பாத்திரக் கடைக்காரர் இரண்டு முறை திட்டிவிட்டார்.

"என்ன மாதம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று மோலி ஒரு நாள் கேட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங் மேடம். ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குத்தான் நேரமாகுதுங். முன்னெல்லாம் காலனியை உட்டு எறங்குனா நாலு நிமிசத்துல பஸ் ஸ்டாப்புங். இப்ப தடத்துல மதிலு கட்டீட்டாங்க. சுத்தீட்டு வரோணும்."

"எந்த மதில்?"

"புதுசா சைட் போட்டிருக்கறாங்கல்லங். வாசல்ல ரெண்டு யானை நிக்குமே, அதுதானுங்."

மோலி மேஜைக்குப் போய்ப் பழைய ஃபைலைத் திறந்தாள். சர்வே ஷீட்டில் அந்தப் புள்ளிக்கோடு இருந்தது. அவள் வரைந்த ஷீட்டில் இல்லை. அன்று கொண்டுவந்திருந்த புளிசாதத்தை அவள் டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள்.

விஷயத்தைக் கேட்ட பெர்னார்ட், "நீ வேணும்னா செஞ்சே? விடு மோலி" என்றான். சற்று நேரம் கழித்து அவனே, "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டான்.

ஸ்கூட்டரை யானை வாசலுக்கு எதிரில் நிறுத்தினார்கள். மோலி சொல்லியிருந்தபடி மாதம்மா அங்கே காத்திருந்து அவர்களைச் சுற்றுவழியாக அழைத்துப் போனாள். மெயின் ரோட்டில் நடைபாதை கிடையாது. தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள் தோளை உரசுகிற மாதிரி போயின. அங்கிருந்து ஒரு பெரிய சாக்கடையின் கரையோரமாக மண் தடம். அதில் ஆட்டோ போகாது. போன மழையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஒரு பெண் தூக்குவாளியை ஒரு கையிலும் குழந்தையை இடுப்பிலுமாக வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். காலனிக்குள் நுழையும்போது மோலி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

காலனியில் நாற்பத்தொரு வீடுகள். தொழிற்பேட்டை கட்டிய காலத்தில் கல் சுமக்கவும் கலவை போடவும் வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் அதே ஃபேக்டரிகளில் வாட்ச்மேன், பேக்கிங், கேன்டீன் வேலைகளில் இருக்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த உரிமைப் பத்திரம் எல்லோரிடமும் இருந்தது. ஒரு பக்கம் ஃபேக்டரிச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை, முன்னால் புதுச் சுவர். அந்தச் சுவருக்கு மேலே பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரை தெரிந்தது.

மாதம்மா வீட்டில் டீ கொடுத்தாள். மோலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாதம்மா, ஒண்ணு சொல்லணும். அந்த லேஅவுட் பிளானை வரைஞ்சது நான். சர்வே ஷீட்ல உங்க தடம் இருந்தது. நான்தான் அழிச்சேன். என்னன்னு விசாரிக்கல."

மாதம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்னார்ட் தரையைப் பார்த்தான்.

"எங்கூட்டுக்காரரு போன மழைக்கு அந்தச் சாக்கடையோரம் வழுக்கி உழுந்து கை ஒடைஞ்சு ரெண்டு மாசம் கெடந்தாருங்" என்றாள் மாதம்மா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மோலிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மாதம்மா கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அந்தக் காயிதத்துல எங்க தடம் நெசமாவே இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

"அப்ப அது எங்களுக்கு வேணுமுங். இதப் பாருங்க."

கதவுக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுவசதிக்கான ஒரு அரசு வாரியம் கன்னடத்தில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தது அது. இந்தக் குடியிருப்புக்கு எந்தக் காலத்திலும் அணுகுவழி கிடையாது, ஆகவே இங்கிருப்பவர்கள் அனைவரும் நஞ்சன்கூடு ரோட்டில் கட்டப்படும் அடுக்குமாடிக்கு மாற்றப்படுவார்கள் என்று எழுதியிருந்தது. இங்கிருந்து அது இருபது கிலோமீட்டர். இங்கே ஃபேக்டரிக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். மோலி நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். நடைவழியை அடைத்தது மட்டுமில்லை, வீடுகளையும் பறிக்க அந்தச் சுவர் ஒரு காரணமாகிவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை அவள் வைத்யநாதனின் அறைக்குள் போய் சர்வே ஷீட்டின் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். காரணத்தையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"க்ளையண்ட்டோட பேப்பர்மா அது. நாம வெளியில குடுக்கப்படாது. நாளைக்கு இன்னொருத்தர் நம்மளை நம்பி வருவாளா?"

"எடுக்கச் சொன்னது நீங்க சார். எடுத்தது நான். ரெண்டு பேருக்கும் இதுல பங்கு இருக்கு."

அத்தனை வருடங்களில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. மோலி வெளியே வந்து உட்கார்ந்தாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். மாலை ஐந்தரைக்கு வைத்யநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"சர்வே ஆபீஸ்ல கிராம வரைபடம்னு கேளு. யார் வேணும்னாலும் வாங்கலாம். பழைய காலுதாரி இருந்தா அதுல புள்ளிக்கோடா போட்டிருக்கும். அது முன்னாடி நம்ம ஷீட்டெல்லாம் ஒண்ணுமே இல்லை." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். காலுதாரி என்றால் கன்னடத்தில் நடந்துபோகும் வழி.

அந்த வரைபடத்துக்காக மோலியும் மாதம்மாவும் மூன்று முறை சர்வே ஆபீஸுக்கு அலைந்தார்கள். முதல் முறை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை ஆள் லீவு. மூன்றாம் முறை ஒரு வயதான குமாஸ்தா அலமாரியிலிருந்து சுருளை எடுத்து விரித்து, பிரதி போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். தொழிற்பேட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பு வரைந்தது. ஏரிக்கரையில் தொடங்கி, இன்று காலனி இருக்கும் இடத்தைத் தொட்டு, மெயின் ரோடு வரைக்கும் ஒரு புள்ளிக்கோடு போனது. மேலே காலுதாரி என்று கன்னடத்தில் எழுதியும் இருந்தது. மோலி அதைப் படித்துக் காட்டினாள். மாதம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினாள்.

"நாங்க வாரதுக்கு முன்னாலயே தடம் இருந்திருக்குதுங் அக்கா" என்றாள். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா வந்தது.

தடம் திரும்பக் கிடைத்தால் மட்டும் போதாது என்று காலனிக்காரர்கள் கூடிப் பேசியபோது தெரிந்தது. வீடுகள் பழையவை, ஒழுகுகின்றன, அதனால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று வாரியம் சொல்லும். அதே இடத்தில் நல்ல வீடு கட்ட முடியும் என்று காட்ட வேண்டும். அதை மோலியால் வரைய முடியும்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவள் டேப்போடு அங்கே போனாள். நாற்பத்தொரு வீட்டையும் உள்ளே நுழைந்து அளந்தாள். டேப்பின் மறுமுனையை மாதம்மா பிடித்தாள். காலனியிலேயே மூத்த வாட்ச்மேன் தொட்டையன் பின்னாலேயே வந்து, "அந்த மூலையை உட்டுட்டீங்க, அங்கதான் மருமக தையல் மிசினு போடோணும்" என்று திருத்திக்கொண்டிருந்தார். பதினொன்றுக்குப் பதினான்கு அடி அறையில் ஆறு பேர் எந்த வரிசையில் படுக்கிறார்கள் என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். யாருக்குக் காலை ஷிப்ட்டோ அவர் கதவோரம்.

அலுவலக கம்ப்யூட்டரில் வரைபடத்தில் வைக்கத் தயாராகப் படங்கள் இருந்தன. நான்கு விதக் கார், ஆறு வித சோபா. தண்ணீர் டிரம் இல்லை, துவைக்கிற கல் இல்லை, ஆடு கட்டும் முளை இல்லை. மோலி அவற்றையெல்லாம் புதிதாக வரைந்து சேர்த்துக்கொண்டாள். இத்தனை வருடங்களாக தான் வரைந்த வீடுகளில் யார் குடியிருப்பார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஐந்து வாரமும் காலையில் எழுந்தவுடன் மனம் லேசாக இருந்ததையும் அவள் கவனித்தாள்.

அவள் வரைந்தது மாடியோடு ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். நடுவில் அகலமான சந்து. எவ்வளவு அகலம் என்பதை பெர்னார்ட் தீர்மானித்தான். வீட்டு ஹாலில் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவன் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினான். "ஸ்ட்ரெச்சர் இவ்வளவு நீளம். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். மூலையில திரும்பணும்னா இவ்ளோ இடம் வேணும். ஆறடின்னு போட்டே, பேஷன்ட்ட தூக்கி நிறுத்தித்தான் கொண்டு போகணும்." மோலி சிரித்துக்கொண்டே ஆறடியைப் பத்தடி ஆக்கினாள்.

வரைபடத்தில் கையெழுத்துப் போட ஆர்க்கிடெக்ட் வேண்டும். மோலியின் டிப்ளமோ அதற்குப் போதாது. அவள் ஷீட்டுகளை வைத்யநாதன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் அவை அப்படியே கிடந்தன. மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார். சிவப்புப் பேனாவால் மாடிப்படியைத் திருத்தியிருந்தார்.

"படி உயரம் ஜாஸ்தி. வயசானவா ஏற முடியாது. இதைச் சரி பண்ணிக் கொண்டா, போட்டுத் தரேன்."

"அந்த பிரமோட்டர் இனிமே நமக்கு வேலை தர மாட்டார் சார்."

"தெரியும். படியைச் சரி பண்ணு."

காலனிக்காரர்கள் கொடுத்த மனுவின் பேரில் வார்டு அலுவலக ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. வாரியத்திலிருந்து சைத்ரா என்ற இளம் இன்ஜினியர் வந்திருந்தாள். பிரமோட்டரின் ஆள் ஒருவரும், லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்த ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். மோலி எழுந்து கன்னடத்தில் பேசினாள். கிராம வரைபடத்தையும் தன் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு எங்கே இருந்தது, யார் அழித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ஹாலில் சலசலப்பு எழுந்தது. வழியைத் திறந்துவிட்டால் கண்டவர்களும் வீட்டு வாசலில் நடப்பார்கள் என்றார் பேங்க் அதிகாரி. இரண்டு கிலோமீட்டர் சுற்றுவது பெரிய தூரமா என்றார் பிரமோட்டரின் ஆள்.

மாதம்மா இருந்த இடத்திலேயே எழுந்து, தெரிந்த கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். அது பெரிய தூரமா இல்லையா என்று ஒருமுறை நடந்து பார்த்துச் சொல்வீர்களா?

சைத்ரா வரைபடத்தைப் பார்த்தாள், மாதம்மாவைப் பார்த்தாள். சரி என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, ஃபேக்டரி பஸ்கள் ஓடும் நேரத்தில், அவர்கள் நடந்தார்கள். சைத்ராவுக்கு முன்னும் பின்னும் வேலைக்குப் போகும் பெண்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. ஒரு லாரி போன வேகத்தில் சைத்ராவின் சுரிதார் முழுக்கச் சேறானது. சாக்கடைக் கரையில் அவள் செருப்பின் வார் அறுந்தது. மாதம்மா தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்து வாரில் குத்திக் கொடுத்தாள். காலனியை அடைந்து, அந்தச் சுவரின் முன் நின்று, அதற்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும் சத்தத்தைச் சைத்ரா கேட்டாள். எத்தனை நிமிடம் ஆனது என்று மோலியிடம் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்ன எழுதுவாளோ என்று அறிக்கை வரும் வரை எல்லோருக்கும் கவலையாக இருந்தது.

ஆனால் அவள் எழுதிய அறிக்கை நேர்மையாக இருந்தது. கிராம வரைபடத்தில் வழி இருக்கிறது, அதைச் சுவர் மறிக்கிறது, காலனியை மாற்றச் சொன்ன காரணம் நிற்காது. இதெல்லாம் நடந்து முடிய ஒன்பது மாதம் பிடித்தது. பிரமோட்டர் ஆட்சேபித்தார், இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. கடைசியில் சுவரில் எட்டடி இடித்து, கல் பாவி வழி விட்டார்கள். அன்று காலை காலனியே அங்கே நின்றது. தொட்டையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல் பாவி முடியும் வரை பொறுக்காமல் வேலைக்குப் போகும் பெண்கள் செங்கல் குவியல் மேலேயே ஏறித் தாண்டி பஸ்ஸைப் பிடித்தார்கள். மாதம்மா அன்று எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே பாத்திரக் கடைக்கு வந்துவிட்டாள்.

வீடுகள் கேட்டபடி முழுதும் வரவில்லை. நாற்பத்தொன்றில் பதினான்குதான் இதுவரை கட்டியிருக்கிறார்கள். மாடிக்கு அனுமதி இழுத்துக்கொண்டே போகிறது. லேஅவுட்காரர்கள் சிலர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேங்க் அதிகாரி மட்டும் அந்த வழியில் விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். பிரமோட்டரின் அடுத்த வேலை அலுவலகத்துக்கு வரவில்லை. வைத்யநாதன் அதைப் பற்றி ஒரே ஒருமுறை புலம்பினார். பிறகு பேச்சை எடுக்கவில்லை. இப்போது புது நிலம் எது வந்தாலும் மோலியையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். அங்கே யார் நடக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதிவருவது அவள் வேலை.

மோலிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தங்குவதில்லை என்று ஸ்வீட்டி போனில் கேலி செய்கிறாள். போன மாதம் பெர்னார்ட்டின் ஆஸ்பத்திரி நர்ஸுகள் சிலர் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைக் கடக்க முடியவில்லை, கைப்பிடித்து நடக்கும் நோயாளிகள் நடுரோட்டில் நின்றுவிடுகிறார்கள், ஏதாவது வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். மோலி சரி என்றாள். இரண்டு வாரமாக அவளும் மாதம்மாவும் அந்த வாசலில் நின்று, யார் எங்கே கடக்கிறார்கள், எத்தனை நொடி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் எதிர்க்கடையில் மசால்வடை வாங்கி இரண்டு பேரும் மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். போன ஞாயிறு கோல் ஊன்றி வந்த ஒரு பெரியவர் பாதி ரோட்டில் நின்றபோது, மாதம்மா வடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினாள். மோலி நேரத்தைக் குறித்தாள். நாற்பத்தாறு நொடி.

"இதையும் போட்டுக்கங்கக்கா" என்றாள் திரும்பி வந்த மாதம்மா. "நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு எடம் வேணுமுன்னு போடுங்க."

மோலி போட்டுக்கொண்டாள்.